வீட்டுக்குள் துவக்கு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை



வழமையாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், குளிர்காலத்து மூட்டுவலி என்று எழுதுவோம். இம்முறை துவக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சுகாதாரப் பக்கத்தில் துவக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சூடு பட்டவரை முதலில் கொண்டுபோவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். பிழைத்தவரின் நித்திரை கெடுவதும், அவருடைய தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் அதற்குப் பிறகு வைத்தியரிடம் வருகிற விடயங்கள்தான். ஆகவே இது எமது பக்கத்துக்கு உரிய விடயமே.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணிக்குப் பிறகு. பேசியவர் மொன்ட்ரியால்-நோரில் வசிக்கும் ஒரு தாயார். கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். மகன் சிநேகிதர்களோடு வெளியே. மகனின் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே கிடந்த விளையாட்டுப் பையை இழுத்திருக்கிறார். பாரமாக இருந்ததாம். திறந்து பார்த்தால் பழைய ரீ-சேட் ஒன்றில் சுற்றிய கறுப்புக் கைத்துப்பாக்கி.

"தங்கச்சி, நான் தொடேல்லை. அப்பிடியே மூடி வச்சிட்டன். பொலிசுக்குச் சொன்னா இவனைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்களோ? சொல்லாமல் விட்டா எங்களையும் பிடிப்பாங்களோ? கொண்டுபோய் ஆத்துக்கை எறிஞ்சா என்ன?"

அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். அந்த மூன்று கேள்விகளுக்கும் அன்றிரவு என்னிடம் முழுமையான பதில் இருக்கவில்லை. "அக்கா, தொடாதேங்கோ, சின்னவளைக் கூட்டிக்கொண்டு அந்த அறையை விட்டு வெளியிலை வாங்கோ" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு தேடிப் படித்ததையும் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் இங்கே தருகிறேன். ஒவ்வொருவருடைய வழக்கும் வேறு வேறு. சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இந்தக் கட்டுரை மாற்றீடு ஆகாது.

ஊரில் பழகியதும் இங்கே உள்ளதும்

எம்மவர்களுக்குத் துவக்கு புதியது அல்ல. சத்தத்தை வைத்தே இது எந்த ரகம், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லக்கூடிய பிள்ளைகளாக நாம் வளர்ந்தோம். வன்னிப் பக்கத்தில் காட்டுப் பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் கால் இழந்த கமக்காரர்களையும் கண்டிருக்கிறோம். இலங்கையில் 1916-ம் ஆண்டிலிருந்தே சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. ஆனால் போர்க்காலத்தில் எமக்குத் தெரிந்த துவக்கு எல்லாம் சீருடை போட்டவர்களின் தோளில் தொங்கியது. அது எமது கட்டிலுக்குக் கீழே வரும் என்று நாம் எண்ணியதே இல்லை. வந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்பதும் தெரியாது. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போ என்றுதான் எமக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

கனடாவில் நிலைமை வேறு. இங்கே வேட்டைக்காரரும் கமக்காரரும் இலக்குச் சுடும் விளையாட்டுக்காரரும் உரிமத்தோடு துவக்கு வைத்திருக்கலாம். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அரசியலமைப்பே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கொடுக்கிறது. கனடாவில் அப்படி ஓர் உரிமை இல்லை என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1993-ல் ஹாசல்வாண்டர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே துவக்கு என்பது சாரதி அனுமதிப்பத்திரம் போல நிபந்தனைகளோடு தரப்படும் அனுமதி. நிபந்தனையை மீறினால் திரும்ப எடுக்கப்படும்.

அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். மொன்ட்ரியாலில் இருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடினால் நியூ யோர்க் மாநில எல்லை. அங்கே கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். பக்கத்து வெர்மொன்ற் மாநிலத்தில் துவக்கை உடன் கொண்டுதிரிய அனுமதிப்பத்திரம் என்ற ஒன்றே இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நியூ ஜேர்சியிலும் வேறு மாநிலங்களிலும் எமது உறவினர்கள் இருக்கிறார்கள். கலியாண வீட்டுக்குக் காரில் வரும்போது "என்னிடம் லைசென்ஸ் இருக்கு" என்று கைத்துப்பாக்கியை வண்டிக்குள் விட்டுவிட்டு வருகிறவர் ஒருவர் இருந்தாலும் போதும். அமெரிக்க மாநிலம் ஒன்றின் அனுமதிப்பத்திரம் கனேடிய எல்லையில் செல்லாது. கைத்துப்பாக்கியைத் தனிநபர்கள் கொண்டுவருவது 2022 ஓகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மனிதர் மீது அடிக்கவென்று அங்கே கடைகளில் விற்கும் மிளகுத் தெளிப்பான்கூட இங்கே தடை செய்யப்பட்ட ஆயுதம்தான். மகளின் பாதுகாப்புக்கு என்று வாங்கிக் கைப்பைக்குள் போட்டு வந்துவிடாதீர்கள்.

மொன்ட்ரியாலில் எழுதப்பட்ட சட்டம்

கனடாவின் துப்பாக்கிச் சட்டங்களின் பின்னால் இந்த நகரத்தின் துயரங்கள் பல இருக்கின்றன. 1989 டிசம்பர் 6-ம் திகதி, எம்மவர்கள் பலர் குடியேறிய கோட்-டே-நேஜ் பகுதிக்கு அருகே உள்ள எக்கோல் பொலிடெக்னிக்கில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். அப்போது எமது ஆட்கள் பலர் இங்கே வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டு அகதி விசாரணைக்காகக் காத்திருந்த காலம். "இந்த நாட்டிலுமா?" என்று திகைத்ததைப் பழையவர்கள் இப்போதும் சொல்வார்கள். அந்தக் கொலையாளியின் துவக்கு சட்டப்படி வாங்கப்பட்டது. உயிர் தப்பியவர்களும் பெற்றோரும் விடாமல் போராடியதன் பயனாக 1995-ல் துப்பாக்கிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நீள் துப்பாக்கிப் பதிவேட்டை மத்திய அரசு 2012-ல் ஒழித்தது. கியூபெக் தன் மாகாணத்துத் தரவுகளையாவது தா என்று வழக்குப் போட்டு, 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. பிறகு தானே ஒரு சட்டம் இயற்றி, 2018 ஜனவரி முதல் தனது சொந்தப் பதிவேட்டை நடத்துகிறது. எனவே கியூபெக்கில் இருக்கும் சாதாரண வேட்டைத் துவக்குக்கும் பதிவு கட்டாயம். ஒன்ராறியோவில் இருந்து துவக்கோடு குடிபெயர்ந்து வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2006 செப்ரெம்பர் 13-ம் திகதி டோசன் கல்லூரியில் 18 வயது அனஸ்தாசியா டி சூசா கொல்லப்பட்டார், பலர் காயமடைந்தனர். அங்கே எமது பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் கைத்தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் தவித்த பெற்றோரை நான் அறிவேன். அந்தப் பிள்ளையின் பெயரால் அழைக்கப்படும் கியூபெக் சட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. பாடசாலை, குழந்தைகள் பராமரிப்பு நிலையம், பாடசாலை பஸ், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் துவக்குக்கு இடமில்லை என்று அது சொல்கிறது.

சுகாதாரப் பக்கத்து வாசகர்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதி. துவக்கு வைத்திருக்கும் ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், வைத்தியர், தாதி, உளவியலாளர், சமூக சேவையாளர் போன்றவர்கள் தொழில் இரகசியத்தை மீறிப் பொலிசுக்குத் தெரிவிக்கலாம். அதுபோல, சூட்டுக் காயத்தோடு ஒருவர் வந்தால் வைத்தியசாலை பொலிசுக்கு அறிவித்தே ஆக வேண்டும். அறிவிப்பது காயம்பட்டவரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் மட்டுமே, மருத்துவ விபரங்கள் அல்ல. ஆகவே "ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் வெளியிலை வந்திடும்" என்று பயந்து காயத்தை வீட்டில் வைத்துக் கட்டாதீர்கள். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது யோசிக்க நேரம் இல்லை.

மத்திய அரசின் விதிகளும் பிறகு இறுகின. நோவா ஸ்கோசியாவில் 2020 ஏப்ரலில் 22 பேர் கொல்லப்பட்ட பின்னர், தாக்குதல் பாணித் துப்பாக்கிகளில் ஏறத்தாழ 1500 ரகங்கள் தடை செய்யப்பட்டன. 2022 ஒக்ரோபர் முதல், மிகச் சில விலக்குகளைத் தவிர, தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது. 2023 டிசம்பரில் சி-21 சட்டம் நிறைவேறியது. ஒருவரிடம் இருக்கும் துவக்கினால் ஆபத்து என்று கருதும் எவரும் நீதிமன்றத்தில் அவசரத் தடை உத்தரவு கேட்க அது வழி செய்தது. நீதிமன்றம் 30 நாட்கள் வரை துவக்கை அகற்றி வைக்கலாம், கேட்டவரின் அடையாளத்தையும் மறைத்து வைக்கலாம். வீட்டில் அடி உதைபடும் பெண்களுக்கு இது முக்கியமானது. பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்ட ஒருவர் துப்பாக்கி உரிமத்துக்குத் தகுதி அற்றவர் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மொன்ட்ரியால்-நோரின் கதை

சட்டப்படி வாங்கிய துவக்கு வேறு, வீதியில் கைமாறும் துவக்கு வேறு. மொன்ட்ரியால்-நோரில் எமது குடும்பங்களைத் தொடுவது பெரும்பாலும் இரண்டாவது வகை. இங்கே குற்றங்களில் பிடிபடும் கைத்துப்பாக்கிகளில் பல அமெரிக்காவில் இருந்து கடத்தி வரப்படுபவை. சில வருடங்களாக முப்பரிமாண அச்சுப்பொறியில் பாகங்களைச் செய்து பொருத்திய இலக்கமில்லாத துவக்குகளும் பிடிபடுகின்றன. அப்படித் தயாரிக்கும் நோக்கத்தோடு அதன் கணினிக் கோப்பை வைத்திருப்பதே இப்போது குற்றம். மகன் அச்சுப்பொறி கேட்டால் வாங்கிக் கொடுங்கள், நல்ல விடயம். அதில் என்ன அச்சாகிறது என்பதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இந்தப் பகுதிக்குப் பொலிசோடும் துவக்கோடும் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2008 ஓகஸ்ட் 9-ம் திகதி ஆன்றி-பூராசா பூங்காவில் பகடை விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பொலிசார் விசாரிக்கப் போய், கைகலப்பாகி, ஆயுதம் எதுவும் இல்லாத 18 வயது பிரெடி வில்லனுவேவா பொலிசாரின் சூட்டில் இறந்தார். வேறு இருவர் காயமடைந்தனர். மறுநாள் இரவு கடைகளும் வாகனங்களும் எரிந்தன. பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013 டிசம்பரில்தான் வெளிவந்தது. அந்தச் சம்பவத்தின் பிறகு இங்கே உருவான ஹூட்ஸ்ரொக் போன்ற அமைப்புகள் இன்றும் இளைஞர்களோடு வேலை செய்கின்றன.

2021-ல் நகரின் வடக்கும் கிழக்கும் மீண்டும் அதிர்ந்தன. பெப்ரவரியில் சென்-லியோனாரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி, காருக்குள் இருந்தபடியே, வேறு யாருக்கோ வைத்த சூட்டில் இறந்தாள். நவம்பரில் சென்-மிஷேலில் 16 வயதுப் பையன் ஒருவன் பூங்காவில் இருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது சுடப்பட்டான். அந்தப் பெயர்கள் எம்முடையவை அல்ல என்று ஆறுதல் கொள்ள முடியாது. 1997 டிசம்பரில் ஸ்காபரோவில் டோனட் கடையில் சும்மா இருந்த எமது பல்கலைக்கழக மாணவன் ஒருவன், எந்தக் குழுச் சண்டையோடும் சம்பந்தம் இல்லாமலே, சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்கு அடுத்த வருடம் ரொறன்ரோத் தமிழ் இளைஞர்கள் தாங்களே கூடித் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தை ஆரம்பித்தார்கள். மூத்தவர்கள் "வெளியிலை சொல்லாதேங்கோ, மானம் போகும்" என்று மூடி மறைத்துக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள்தான் முதலில் வாய் திறந்தார்கள் என்பது என் கருத்து.

அந்தத் தாயாரின் மூன்று கேள்விகள்

ஆற்றில் எறிவதை முதலில் பார்ப்போம். குவாங் வீதியைக் கடந்தால் ரிவியேர் டே பிரேரி ஓடுகிறது, கைக்கெட்டும் தூரம். ஆனால் அந்தத் துவக்கு எங்காவது ஒரு குற்றத்தில் பாவிக்கப்பட்டிருந்தால் நீங்கள் சான்றை அழித்தவர் ஆவீர்கள். அதைக் கையில் எடுத்து வீதியில் நடக்கும் அந்தப் பத்து நிமிடமும் அது உங்களுடைய துவக்கு. தண்ணீர் வற்றும் காலத்தில் கரையில் விளையாடும் பிள்ளை அதைக் கண்டெடுக்கவும் கூடும். எறியாதீர்கள். காரில் வைத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டாம். படங்களில் காட்டுவது போல இழுத்துப் பார்க்கும்போதுதான் வெடிக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். தொடாமல், அறைக் கதவைப் பூட்டி, பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். உடனடி ஆபத்து இருந்தால், அதாவது மகன் கோபத்தில் இருக்கிறான், உயிரை மாய்ப்பேன் என்கிறான், யாரோ அதைத் தேடி வருகிறார்கள் என்றால், 911 அழையுங்கள். துவக்கு எந்த அறையில் இருக்கிறது, வீட்டில் யார் யார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பொலிசார் வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டாம், வெறுங்கையோடு நில்லுங்கள். உடனடி ஆபத்து இல்லையென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள். அவரிடம் சொல்வது இரகசியம். துவக்கைப் பொலிசிடம் ஒப்படைக்கும் ஒழுங்கை அவர் செய்து தருவார். பணம் இல்லாதவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் மாகாணத்தின் சட்ட உதவி நிலையம் இருக்கிறது. இதை நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போடக்கூடாது.

மகனைப் பிடிப்பார்களா? 12 வயதிலிருந்து 17 வயது வரையான பிள்ளைகளுக்கு இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் என்று தனிச் சட்டம் உண்டு. விசாரணையின்போது பெற்றோரும் சட்டத்தரணியும் கூட இருக்கக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் இளையோர் தண்டனை பெற்றவரை அந்தக் குற்றத்துக்காக நாட்டை விட்டு அனுப்ப முடியாது.

18 வயது ஆன அன்றே எல்லாம் மாறிவிடும். குண்டு போட்ட, அல்லது குண்டு கிட்டே இருக்கும், கைத்துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறை விதிக்க இடமுண்டு. காருக்குள் அப்படி ஒன்று இருப்பது தெரிந்துகொண்டே ஏறி இருந்தால், "அது என்னுடையது இல்லை" என்பது போதாது, ஏறி இருந்ததே குற்றம். இனி குடிவரவுச் சட்டத்துக்கு வருவோம். பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பானாலோ, ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தாலோ, நிரந்தர வதிவாளர் ஒருவர் கனடாவில் இருக்கும் தகுதியை இழக்கலாம். தண்டனை ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் குடிவரவு மேன்முறையீட்டு உரிமையும் இல்லை. மூன்று வயதில் வந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டும் சரளமாகப் பேசி, கொழும்பை ஒருநாளும் கண்டிராத பிள்ளையாக இருந்தாலும் இதுதான் சட்டம். தகுதி இருந்தும் "பிறகு பார்ப்பம்" என்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே எத்தனை? இந்த வாரமே அந்தப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்குங்கள்.

"சிநேகிதன் வச்சிருக்கச் சொன்னான்"

அந்தத் தாயாரின் மகனுக்கு 16 வயது. இரவு பதினொன்றரைக்கு வந்தவனைத் தாயார் சத்தம் போடாமல் குசினியில் இருத்திக் கேட்டிருக்கிறார். அது பிளாஸ்ரிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்கு என்றும், சிநேகிதன் இரண்டு நாளைக்கு வைத்திருக்கச் சொன்னான் என்றும் பிள்ளை சொன்னான். பிறகு அது உண்மை என்று தெரிந்தது. நிம்மதிதான். ஆனால் முழு நிம்மதி அல்ல.

ஏனென்றால், உண்மைத் துவக்கு வைத்திருப்பவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பொலிசுக்குத் தெரியாத, நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த ஒருவனின் வீடு அவர்களுக்கு வசதி. முதலில் ஒரு பை, பிறகு ஒரு பொதி. "உள்ளுக்கு என்ன எண்டு கேளாதை" என்பார்கள். மறுத்தால் கோழை என்று பெயர். பிள்ளைக்கு மறுக்க ஒரு சாட்டு வேண்டும். "எங்கடை அம்மா ஒவ்வொரு நாளும் என்ரை அறையைக் கிண்டுவா" என்று சொல்லட்டும். கெட்ட பெயரை நாம் வாங்கிக்கொள்வோம்.

மேலும், விளையாட்டுத் துவக்கு என்பதால் ஆபத்து இல்லை என்றும் இல்லை. உண்மைத் துவக்கை அச்சொட்டாக ஒத்திருக்கும் போலிகளை இறக்குமதி செய்யவோ வாங்கவோ விற்கவோ இங்கே தடை உண்டு. காற்றினால் சுடும் துவக்குகளிலும் வேகமும் வலுவும் ஓர் அளவுக்கு மேல் போனால் உரிமம் தேவை. போலியைக் காட்டி ஒருவரை மிரட்டினாலும் குற்றம் குற்றமே. பூங்காவில் இருட்டும் நேரம் கறுப்பு நிறப் பொருள் ஒன்றை நீட்டும் பிள்ளையைப் பார்த்து 911 அழைக்கும் அயலவருக்கும், அழைப்பைக் கேட்டு ஓடி வரும் பொலிசாருக்கும் அது பிளாஸ்ரிக்கா இரும்பா என்று தெரியாது. ஊரில் தீபாவளிக்குப் பொட்டுவெடித் துவக்கு வாங்கிக் கொடுத்த நினைவில் இங்கேயும் வாங்கிக் கொடுக்கும் மாமாமார் இதை யோசிக்க வேண்டும்.

சட்டப்படி வைத்திருப்பவர்கள்

எம்மவர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனால் வேலையிடத்துக் கியூபெக்வாச் சிநேகிதர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகிய ஓரிருவரை எனக்குத் தெரியும். உரிமத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், கனேடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். பின்னணி விசாரிக்கப்படும், துணைவருக்கும் அண்மைக் காலத்தில் பிரிந்த முன்னாள் துணைவருக்கும் அறிவிக்கப்படும். மனைவிக்குத் தெரியாமல் எடுக்க முடியாது. முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் ஐந்து வருடத்துக்கு.

வீட்டில் வைக்கும் முறை சுருக்கமாக: துவக்குக்குள் குண்டு இருக்கக்கூடாது. பூட்டுப் போட்டோ, பூட்டிய பெட்டியில் வைத்தோ இருக்க வேண்டும். குண்டுகளை எளிதில் எடுக்க முடியாத வேறு இடத்தில், அல்லது பூட்டி வைக்க வேண்டும். சாவி சாமித்தட்டில் தொங்கினால் பூட்டு இருந்து பயன் இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டின் எல்லா ஒளிப்பிடமும் தெரியும்.

பிள்ளையை வேறொரு வீட்டில் இரவு தங்க விடும்போது "கடலை ஒவ்வாமை இருக்கிறது" என்று சொல்ல நாம் கூச்சப்படுவதில்லை. "உங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம். வேட்டைக்காரப் பெற்றோர் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள், பெரும்பாலும் பெட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

பேசாத பக்கம்

துவக்கு என்றதும் குழுச்சண்டைதான் எமது நினைவுக்கு வருகிறது. ஆனால் கனடாவில் துவக்கினால் நேரும் மரணங்களில் மிகப் பெரும்பான்மை தற்கொலைகள். இதை எமது கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதை விளங்கிக்கொள்ள எமது ஊரே நல்ல உதாரணம். 1990-களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. காரணம் பெரும்பாலும் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த பூச்சிமருந்துப் போத்தல். மிகக் கொடிய நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதன் பிறகு இருபது வருடங்களில் தற்கொலை மரணங்கள் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்தன. மனிதரின் கவலை குறையவில்லை, போர் நடந்துகொண்டுதான் இருந்தது. முயற்சி செய்தவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பல பேருக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதில்தான் உயிர் தங்குகிறது. துவக்கு திரும்ப யோசிக்க இடம் கொடுக்காது. ஆகவே வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால், வேலை போய்விட்டது, குடும்பம் பிரிகிறது, குடி கூடிவிட்டது என்றால், அந்த வீட்டில் உள்ள துவக்கை அந்தக் காலத்துக்காவது சட்டப்படி வெளியே கொடுத்து வையுங்கள். எப்படி என்று துப்பாக்கித் திட்டத்தின் இலக்கத்தில் கேட்கலாம்.

இன்னொன்று. இரவில் வெடிச்சத்தம் கேட்டால் எமது வீடுகளில் சிலர் இப்போதும் சுவரோரமாகக் குந்திவிடுகிறார்கள். யூலை மாதத்தில் லா ரோண்ட் வாணவேடிக்கையின்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் அம்மாக்களை நான் அறிவேன். இது பைத்தியம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. போரில் பட்ட காயம் உடம்பில் நினைவாகக் கிடக்கிறது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு சூட்டுச் சம்பவம் நடந்த கிழமையில் பழைய கனவுகள் திரும்பி வரலாம். பிள்ளைகள் படுக்கையை நனைக்கலாம், பாடசாலைக்குப் போக மறுக்கலாம். ஒரு மாதம் கடந்தும் மாறாவிட்டால் சீஎல்எஸ்சீயில் சொல்லுங்கள். போர், சித்திரவதை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ரிவோ என்ற அமைப்பு இந்த நகரத்தில் இயங்குகிறது.

சூடு கேட்டால் யன்னலை விட்டு விலகித் தரையில் படுங்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க பல்கனிக்கு ஓடாதீர்கள். எமது ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒருவர் காயப்பட்டிருந்தால், இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகு, 911 அழைத்துவிட்டு சுத்தமான துணியை மடித்து இரண்டு கையாலும் பலமாகக் காயத்தை அழுத்துங்கள். இரத்தம் நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. தண்ணீரோ சோடாவோ பருக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். சொந்தக் காரில் ஏற்றி ஓடவும் வேண்டாம். எவரை சக்ரே-கேர் போன்ற விபத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அம்புலன்ஸ்காரருக்குத் தெரியும்.

இந்த இலக்கங்களை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். ஆபத்துக்கு 911. மனக் கவலைக்கும் குடும்பப் பிரச்சினைக்கும் சமூக சேவையாளருடன் கதைக்க 811. தற்கொலை எண்ணம் வந்தால் 988, அல்லது கியூபெக்கில் 1-866-277-3553. பிள்ளைகள் தாங்களே அழைக்க ரெல்-ஜூன் 1-800-263-2266. வீட்டு வன்முறைக்கு 1-800-363-9010. துவக்கு வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிய பயம் இருந்தால், அல்லது உரிமம் பற்றிய கேள்வி இருந்தால், கனேடியத் துப்பாக்கித் திட்டம் 1-800-731-4000. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க இன்போ-கிறைம் 514-393-1133. பிரெஞ்சு வராதவர்கள் "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் பிள்ளையை அல்லாமல் ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயார் மறுநாள் சனிக்கிழமை மகனோடு அந்தச் சிநேகிதனின் வீட்டுக்கே போனார். பையை அவனுடைய தாயின் கையில் கொடுத்தார். அந்த அம்மா ஹெயிற்றி நாட்டவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது நாலைந்து பிரெஞ்சுச் சொற்கள்தான். "அவ பையைத் திறந்து பாத்திட்டு அப்பிடியே படியிலை இருந்திட்டா. நானும் பக்கத்திலை இருந்தன்" என்று என்னிடம் சொன்னார்.